வலது கை வளையல்

பாயான் பாரு, பினாங்கு
2 ஜூன் 2025

அன்புள்ள காமினிக்கு,

உன் அண்ணன் நலம். பக்கத்து வீட்டு ஜன்னத் நலம். கீழ்வீட்டுப் பூனையும் நலம், குட்டி போட்டிருக்கிறது. நீ நலமா? கணுக்கால் வீக்கம் வடிந்ததா?

இனி நாம் வீடியோ காலில் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முகத்தைத் தூக்காதே, காரணம் சொல்கிறேன். நீ ஆடப் போகும் ஊர்களில் இணையம் பாதி வாக்கியத்தில் அறுந்து போகிறது. மீதி வாக்கியத்தை உன் அண்ணன் முடித்து வைக்கிறார். போன வாரம் நீ "பேக்ஹேண்ட் அடிக்கிறப்ப..." என்று ஆரம்பித்தாய், படம் உறைந்து போனது. அவர் "கை வலிக்குதாம், திரும்பி வரப் போறா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறேன். என் சொந்த நாத்தனாரோ "ஓகே அண்ணி, டயர்ட்லா, குட்நைட்" என்று அனுப்புகிறாள். எனக்கு மானம் போகிறது. மின்னஞ்சலில் எழுது, ஆனால் கடிதமாக எழுது. இடம், தேதி, நலம் விசாரிப்பு எல்லாம் வேண்டும். நலம் எழுதாத கடிதத்துக்கு என் வகுப்பில் மதிப்பெண் கிடையாது.

புத்தாண்டன்று சாப்பாட்டு மேசையில் உன் அண்ணன் சொன்னதை மறக்கவில்லையே? ஜனவரியில் மெல்பர்னில் நடக்கும் கிராண்ட்ஸ்லாமின் தகுதிச் சுற்றுப் பட்டியலில் உன் பெயர் வர வேண்டும். வராவிட்டால் மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அவருடைய ஃபேக்டரி ஆபீசில் வேலைக்குச் சேர வேண்டும். அம்மா அப்பா போன பிறகு உன்னை வளர்த்தவர், அவருக்குப் பயம். நீ அன்று ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் "பேரு வரும், நான் பொறுப்பு" என்று வாயை விட்டேன். என் வாயைக் காப்பாற்றுவது உன் கையில் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிட்டு, கதவைத் தாழ் போட்டுத் தூங்கு.

அன்புடன்,
அண்ணி குணவதி


மொனாஸ்டிர், துனீசியா
11 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கணுக்கால் நலம். இங்கே வெயில் நம் ஊர் மாதிரி பிசுபிசுக்காது, அடுப்புக்குள் நிற்பது போல் இருக்கிறது. நீங்கள் நலமா? இதை மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? டாக்டரிடம் மறுபடி போனீர்களா?

இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டேன். செர்பியாக்காரப் பெண், பதினெட்டு வயது. முதல் செட் என்னுடையது. இரண்டாவது செட்டில் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டேன், அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. தரவரிசை நானூற்றுப் பன்னிரண்டிலேயே நிற்கிறது. மெல்பர்ன் தகுதிச் சுற்றுக்கு ஏறக்குறைய இருநூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே பயிற்சியாளர் இல்லாமல் தனியாகச் சுற்றுகிற பெண்கள் நிறைய. நாங்களே ஒருவருக்கொருவர் பந்து போட்டுக்கொள்கிறோம், துணியைத் தொட்டியில் துவைக்கிறோம், மறுநாள் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தியை ஒருத்தி அடிக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் உங்களுக்கு இரண்டாவது பிள்ளையும் தங்கவில்லை என்று கேட்டதும், ஹுவா ஹின் போட்டியில் காலிறுதியை விட்டுவிட்டு ஓடி வந்தேன். நீங்கள் படுக்கையில் கிடந்தபடியே "ஏன்டி வந்தே?" என்று கேட்டீர்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கோபமாகக் கேட்டீர்களா, அன்பாகக் கேட்டீர்களா என்று இன்றுவரை புரியவில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள்: பேக்ஹேண்ட் வலிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
காமினி


பாயான் பாரு
9 ஜூலை 2025

அன்புள்ள காமினிக்கு,

பதில் எழுதத் தாமதம், பொறுத்துக்கொள். உன் அண்ணன் நலம். பூனைக்குட்டிகள் நலம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து என் அம்மா வந்து தங்கியிருக்கிறார், அவரும் நலம். டிவி ரிமோட் அவர் இடுப்பிலேயே இருக்கிறது. நீ நலமா? துவைத்த துணி காய்கிறதா?

பள்ளியில் இந்தத் தவணை மேல்மாடி வகுப்பு வேண்டாம் என்று கேட்டுக் கீழே வாங்கிக்கொண்டேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். ஒரு வாண்டு என்னிடம் வந்து, "டீச்சர், உங்க நாத்தனார் டிவியில வருவாங்களா?" என்று கேட்டான். வருவாங்க என்று சொல்லியிருக்கிறேன். உனக்குத்தான் கடன் கூடிக்கொண்டே போகிறது.

உன் ஆட்டங்களை ஜன்னத் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் பார்க்கிறேன். அவள் கணவர் சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையை அடைத்துவிட்டுக் கறிவாசத்தோடு வருவார். முன்பெல்லாம் அந்த வாசத்துக்கே நான் தட்டைத் தூக்குவேன், இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் ஓடுகிறேன். வயசாகிறது போல.

எனக்கு டென்னிஸ் தெரியாது. ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பல வருடமாக எதிரே உட்கார்ந்து பார்த்தவள். விடை தெரியாத பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும். நீ தோற்கிற நாளில் ஒவ்வொரு கேம் முடிந்ததும் தலைமுடியை அவிழ்த்துக் கட்டுகிறாய். ஜெயிக்கிற நாளில் உனக்குத் தலை இருப்பதே ஞாபகம் இல்லை. எதிரே நிற்பவளும் இதைப் பார்த்திருப்பாள், அவளுக்கும் கண் இருக்கிறது.

ஆண்டவன் துணையும் உன் முழங்கையும் சேர்ந்து உன்னைக் காக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி


நொந்தபுரி, தாய்லாந்து
28 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம்! நீங்கள் எல்லோரும் நலமா?

ஜெயித்துவிட்டேன். காலிறுதி, அரையிறுதி எல்லாம் தாண்டிக் கோப்பையே கையில் இருக்கிறது. சின்னப் போட்டிதான், கோப்பையும் நம் வீட்டு டம்ளர் அளவுதான். ஆனாலும் தரவரிசை முந்நூற்று முப்பத்தெட்டு!

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே தெருவில் இருந்த ஒரு சலூனுக்குப் போனேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தாய் மொழி தெரியாது. காதுக்கு மேலே விரலை வைத்து "இவ்வளவு" என்று காட்டினேன். அவள் பயந்துபோய் இரண்டு தடவை கேட்டாள். பின்னல் தரையில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்தது, அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. ஆனால் மறுநாள் ஆட்டத்தில் மூன்றாவது செட்டில் கை தானாகப் பின்னங்கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. சரி, சர்வ் போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணனிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

போன தடவை நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லையே. டாக்டர் என்ன சொன்னார்? உங்கள் அம்மா ஏன் இவ்வளவு நாள் தங்கியிருக்கிறார்? உங்களுக்கும் அவருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஒத்துவராதே.

முடியில்லாத தலையோடும் நிறைந்த மனதோடும்,
காமினி


பாயான் பாரு
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள காமினிக்கு,

அம்மா நலம். உன் அண்ணன் உடம்பளவில் நலம். உன் மொட்டைத் தலை எப்படி, வெயிலில் சுடுகிறதா?

நான் பக்குவமாகச் சொல்வதற்குள் செய்தித்தாள் இணையத்தில் உன் படத்தைப் போட்டுவிட்டது. அவர் ஃபேக்டரி கேன்டீனில் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"முடியவே வெட்டிட்டாளே குணா, நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

"கோப்பைய பாத்தீங்களா, முடிய மட்டும் பாத்தீங்களா?"

"ரெண்டும் பாத்தேன்லா."

சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஆனால் மறுநாள் அந்தப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்திருந்தார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அதே கையோடு வேலை விண்ணப்பத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறார், டிசம்பரில் நீ கையெழுத்துப் போட வசதியாக. மனிதர் அப்படித்தான்.

என் அம்மாவுக்கும் எனக்கும் இப்போது நன்றாகவே ஒத்துப் போகிறது. அவர் சமைக்கிறார், நான் காலை நீட்டி உட்கார்ந்து குறை சொல்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போக ஆசை, படி ஏற இப்போது தோதுப்படாது. கீழே கெரெத்தாவை நிறுத்தி, கார் ஜன்னல் வழியாகவே முருகனைக் கும்பிட்டேன், ஜன்னத்தான் ஓட்டிப் போனாள். முருகனுக்குக் கண் நன்றாகத் தெரியும், மேலிருந்தே பார்த்துக்கொள்வார்.

என்னைப் பற்றி எழுத வேறு என்ன இருக்கிறது? நீ உன் வேலையைப் பார்.

மழைக் குளிரிலும் உன்னை நினைக்கும்,
அண்ணி


தைப்பே
26 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே எப்படி?

தொடர்ந்து மூன்று போட்டிகளில் முதல் சுற்றிலேயே வெளியே. இன்று கடைசி செட்டில் ஐந்துக்கு ஒன்று என்று முன்னால் இருந்து தோற்றேன். கடைசிப் பந்து நெட்டின் மேல் பட்டு என் பக்கமே விழுந்தது. கை கொடுத்துவிட்டு வந்து பாத்ரூமில் உட்கார்ந்து தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இவ்வளவு நாள் முந்நூறுக்கு மேலே இருந்தவர்களோடு ஆடினேன். இப்போது எதிரே வருகிற எல்லாரும் இருநூற்றுக்குள் இருப்பவர்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை. நான் தப்புச் செய்கிற வரைக்கும் பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு பின்பக்கக் கோர்ட்டுக்குப் போனேன். இரண்டாவது சர்வ் மட்டும், அவர்கள் விளக்கை அணைக்கிற வரைக்கும் போட்டேன். தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. நாளையும் போடுவேன். அண்ணனிடம் நான் தோற்றதைச் சொல்லுங்கள், அழுததைச் சொல்ல வேண்டாம். அந்த விண்ணப்பத்தின் மேல் ஏதாவது கனமான பொருளை வைத்துவிடுங்கள், காற்றில் பறந்து என் கையில் வந்து விழாமல் இருக்கட்டும்.

நீங்கள் ஒரு மாதமாக எழுதவில்லை. ஏன் அண்ணி?

காமினி


தைப்பே
21 அக்டோபர் 2025

அண்ணி,

நேற்றுத் தீபாவளி. நான் நூற்று முப்பதாவது இடத்தில் இருக்கும் பெண்ணைத் தோற்கடித்தேன். ஆட்டம் முடிந்து போனைத் திறந்தால் உங்கள் குரல் பதிவு. கடிதம் அல்ல, குரல். "அடிச்சிட்டேடி! அடிச்சிட்டேடி என் தங்கம்!" என்று கத்திக் கைதட்டுகிறீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

நீங்கள் வளையல் போட மாட்டீர்கள். பலகையில் எழுதும்போது இடிக்கும் என்று கல்யாண வளையலைக்கூட மறுநாளே கழற்றியவர். அந்தப் பதிவில் கைதட்டும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் குலுங்குகின்றன. ஒன்றிரண்டு அல்ல, கை நிறைய. கை நிறையக் கண்ணாடி வளையலை ஒரு பெண் எப்போது போட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஊர் சுற்றினாலும் நானும் தமிழச்சிதான்.

உங்களுக்கு வளைகாப்பு நடந்திருக்கிறது. ஏழு மாதம்.

உட்கார்ந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். அண்ணன் நலம், அம்மா நலம், ஜன்னத் அக்கா நலம், பூனை நலம். ஒரு கடிதத்தில்கூட உங்கள் நலம் இல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் எழுதாமலே விட்டிருக்கிறீர்கள். வீடியோ கால் வேண்டாம் என்றதும் என் தமிழுக்காக இல்லை, நான் உங்கள் வயிற்றைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். கீழ்மாடி வகுப்பு, கறிவாசம், தண்ணீர்மலைப் படி, எல்லாம் என் கண்ணெதிரே இருந்தும் நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட்டவள் நான். நம் வீட்டில் வளைகாப்பு என்றால் முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். உயிரோடு ஒரு நாத்தனார் இருக்கும்போது வேறு யாரை நிறுத்தினீர்கள்? சொல்லுங்கள், யாரை?

வியாழக்கிழமை பினாங்குக்கு விமானம் இருக்கிறது. ஜப்பானில் யோகோஹாமா, டகாசாகி போட்டிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன். எனக்கு நீங்கள் வேண்டும், அந்தப் பிள்ளை வேண்டும். மெல்பர்ன் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.

காமினி


பாயான் பாரு
22 அக்டோபர் 2025

என் கண்ணு காமினிக்கு,

உன் கோபம் நலமாக இருக்கிறது, அதுவே எனக்குப் போதும். கோபப்படத் தெம்பு இருப்பவள் சோர்ந்து போகவில்லை.

ஆமாம், ஏழு மாதம். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்கிறார் டாக்டர். எனக்கு மட்டும் நடை குறைவு, படி கூடாது, ஆகஸ்டிலிருந்து பள்ளிக்குச் சூத்தி, மருத்துவ விடுப்பு. இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப் போகிறது. இதையும் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். "ஏன்டி வந்தே" என்று போன வருடம் நான் கேட்டது கோபமா, அன்பா என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் ஒரே பதில். போன வருடம் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். ஒரு பக்கம் என் பிள்ளை போயிற்று. இன்னொரு பக்கம் உன் மட்டை உறை பிரிக்காமல் மூலையில் சாய்ந்திருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன் காமினி. எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தடவையும் அப்படி ஒன்று நடந்தால் ஒன்றையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் சொல்லவில்லை. உன் அண்ணனிடமும் ஜன்னத்திடமும் சத்தியம் வாங்கினேன்.

இப்போது வளையல் கதைக்கு வருகிறேன். நன்றாகக் கேள்.

அன்று மனையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசினார்கள். என் அம்மா உன் பெரியப்பா மகளை நாத்தனார் முறைக்குக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். நான் இடது கையை மட்டும் நீட்டினேன். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கையையும் நீட்டுடி."

"அது காமினியோட கை. அவதான் போடணும்."

"கர்ப்பிணி வெறுங்கையோட இருக்கக் கூடாதுடி, சொன்னா கேளு!"

ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். என் அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னத்தான் நடுவில் புகுந்து, "விடுங்கம்மா, அந்தக் கை புக்கிங் ஆயிடுச்சு" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நான் தப்பித்தேன்.

ஆக, நீ கேட்ட சத்தம் ஒரு கைச் சத்தம்தான். வலது கை இன்றும் வெறுமையாக இருக்கிறது. அதற்கான பச்சை வளையலும் சிவப்பு வளையலும் மைலோ டின்னில் பஞ்சு வைத்து மூடி வைத்திருக்கிறேன். பட்டியலில் பெயர் வந்த பிறகு வந்து போட்டு விடு. அதற்கு முன்னால் வந்தால் சத்தியமாகக் கதவைத் திறக்க மாட்டேன். நீ கதவுக்கு வெளியே நின்று தட்டுவாய், நான் எழுந்து வரக் கூடாத உடம்போடு எழுந்து வந்து உன்னைத் திட்டுவேன். அது உனக்கு நல்லதா?

நான் இங்கே படுத்தபடி என் வேலையைச் செய்கிறேன். நீ அங்கே நின்றபடி உன் வேலையைச் செய்.

ஒரு கை வளையலோடு வாழ்த்தும்,
அண்ணி


பினாங்கு
17 நவம்பர் 2025

தங்கச்சி காமினிக்கு அண்ணன் குகன் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? எனக்கு ஒங்க அண்ணி மாதிரி எழுத வராது. போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

முந்தாநாள் அண்ணிக்கு ரத்தம் பட்டுச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. இப்ப நின்னுடுச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, நானே காதால துடிப்பு கேட்டேன். டாக்டர் அசையவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஒன்கிட்ட சொல்லாதீங்கன்னு அவ சொன்னா. போன தடவை அவ சொன்னதைக் கேட்டு மறைச்சேன். இந்தத் தடவை மறைக்க மாட்டேன். ஒனக்குத் தெரியணும்.

நீ வரணும்னு எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ராத்திரி வார்டு வாசல்ல தனியா ஒக்காந்திருக்கப்ப நீ பக்கத்துல இருந்தா தேவலன்னு இருக்கு. ஆனா வராதம்மா. நீ வந்து நின்னா அவ எந்திரிச்சு ஒக்காந்து ஒன்னத் திட்டுவா. அவ எந்திரிக்கக் கூடாது.

நேத்து யோகோஹாமாவுல நீ அரையிறுதி ஆடினத அவ படுத்துக்கிட்டே பாத்தா. போனை நான்தான் தூக்கிப் பிடிச்சிருந்தேன், கை கடுத்துப் போச்சு. நீ தோத்ததும் அவ சொன்னா, "பரவால்ல, முடியத் தொடவே இல்ல பாருங்க." எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா அவ சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்து நாளாச்சு.

இன்னொண்ணு. டிசம்பருக்குள்ளன்னு நான் போட்ட கெடுவ மறந்துடு. பேரு வந்தாலும் வரலன்னாலும் நீ ஆடு. விண்ணப்பத்த நான் கிழிச்சுட்டேன்.

ஒடம்பப் பாத்துக்க.

அண்ணன்
குகன்


டகாசாகி, ஜப்பான்
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும், பக்கத்தில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். அண்ணி நலமா என்று கேட்க மாட்டேன். நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணே, நீ எழுதியதைப் படித்த அன்று நான் கோர்ட்டுக்குப் போகவே பயந்தேன். பையில் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "அவ எந்திரிக்கக் கூடாது" என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன். பிறகு பாஸ்போர்ட்டை உள்ளே போட்டுவிட்டு மட்டையை எடுத்தேன்.

நீ கெடுவை எடுத்துக்கொண்டாய். எனக்கு அது வேண்டும் அண்ணே, திருப்பித் தா. போட்டது நீயாக இருக்கலாம், இப்போது அது என்னுடையது. அண்ணி அதற்காக ஒரு கையை வெறுமையாக வைத்திருக்கிறார்.

அக்டோபரிலிருந்து நானும் வலது கையில் ரிஸ்ட்பேண்ட் போடுவதில்லை. அண்ணியின் கையில் ஏறும் வரைக்கும் என் கையிலும் ஒன்றும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். வியர்வை மட்டைப் பிடி வரைக்கும் வழிகிறது. சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த சர்வ் போடுகிறேன்.

இன்று மதியம் இறுதி ஆட்டம். எதிரே ஜப்பான்காரப் பெண், ஊர் முழுக்க அவள் பக்கம். மூன்றாவது செட் டை-பிரேக்கில் மேட்ச் பாயின்ட் என் கையில். முதல் சர்வ் வெளியே போயிற்று. தைப்பேயில் விளக்கை அணைக்கும் வரை நான் போட்டுப் பழகினது இரண்டாவது சர்வ். பயப்படாமல் முழுக் கையையும் வீசிப் போட்டேன். அவள் மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து வேலிக்குப் போயிற்று.

இதுவரை நான் ஜெயித்ததிலேயே பெரிய போட்டி இது. நாளை வரும் தரவரிசையில் இருநூற்று இருபத்தாறு. மெல்பர்ன் பட்டியலுக்கு அது போதும் அண்ணே. உள்ளே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குகிறேன். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன். மைலோ டின்னை எடுத்து வை.

காமினி


பினாங்கு, பிரசவ வார்டு
9 ஜனவரி 2026

அன்புள்ள காமினிக்கு,

உன் அண்ணன் நலம். என் அம்மா நலம், ரிமோட்டை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார். நீ நலமா? மெல்பர்னில் வெயில் எப்படி? தொப்பி போடு. திங்கட்கிழமை தகுதிச் சுற்றில் உன் முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எழுது, நம் ஊர் நேரத்தில் எழுது.

நீ விமானம் ஏறிய நாலாம் நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. பிரசவ அறையில் நர்ஸ் நூர் ஃபாத்திஹா வளையலைக் கழற்றச் சொன்னாள். இடது கை வளையல்கள் சுலபமாகக் கழன்றுவிட்டன. வலது கையில் நீ போட்டுவிட்டது கழலவே இல்லை. கை வீங்கியிருந்தது, நீயும் இறுக்கமாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய், பாவி. சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் வளையலோடு சேர்த்துப் பிளாஸ்டரைச் சுற்றிவிட்டாள். அந்தக் கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நேரம் போகப் போக எனக்குப் பயமே வந்துவிட்டது. போன இரண்டு தடவையும் ஞாபகம் வந்தது. அப்போது பிளாஸ்டருக்குள்ளே வளையல் ஒவ்வொன்றாக நொறுங்குகிற சத்தம் கேட்டது. நீ பக்கத்தில் நின்று "அண்ணி, இரண்டாவது சர்வ்" என்று சொல்வது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

பெண் பிள்ளை. கத்தின கத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. தலையில் உன்னை விட முடி அதிகம். உன் அண்ணன் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார், நர்ஸ் பிள்ளையைக் கேட்டும் கொடுக்கவில்லை.

பிளாஸ்டரைப் பிரித்தபோது வளையல் எல்லாம் தூள். ஒன்று மட்டும், ஒரே ஒரு பச்சை, முழுதாக இருந்தது. அது இன்னும் கையில்தான் இருக்கிறது.

பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. காதில் பெயர் சொல்ல வேண்டியது அத்தை. அத்தைக்கு இப்போது வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வரட்டும். அவசரமில்லை, ஜெயித்துக்கொண்டே இருந்தால் தாமதமாக வா.

கடைசியாக ஒன்று. போன ஜூனில் மொனாஸ்டிரிலிருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. என் வகுப்புப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். இப்போது எழுதுகிறேன், தாமதமானாலும் மதிப்பெண் போட்டுக்கொள்.

நான் நலம், காமினி.

உன்
அண்ணி குணவதி